ஈஸ்டர் ஏன் ஆண்டுக்கொரு தேதியில் வருகிறது?

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அன்றுதான் மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் சித்திரைத் தேரோட்டம். அன்றுதான் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வியாழன், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய வியாழன். தேருக்கு வரும் கூட்டத்தை எண்ணி மதுரைத் தொகுதியில் மட்டும் வாக்குப்பதிவு நேரத்தை இரவு 8 மணி வரை நீட்டித்தார்கள். பெரிய வியாழன் வழிபாட்டைக் காட்டி, தேதியை மாற்றக் கோரிக் கிறிஸ்தவர்கள் தரப்பிலும் நீதிமன்றம் போனார்கள். தேதி மாறவில்லை.

எல்லாம் ஒரே நாளில் வந்து முட்டிக்கொண்டதே என்று அப்போது பலரும் பேசிக்கொண்டார்கள். தேர்தல் அந்த நாளில் விழுந்தது தற்செயல். தேரும் பெரிய வியாழனும் சேர்ந்து வந்ததற்குக் காரணம் வானத்தில் இருந்தது. மறுநாள், ஏப்ரல் 19 மாலை நிறைந்த பௌர்ணமி. அதே பௌர்ணமியை ஒட்டித்தான் கள்ளழகர் வைகையில் இறங்கினார். அதே பௌர்ணமியைக் கணக்கில் வைத்துத்தான் அந்த வெள்ளி புனித வெள்ளியாகவும், ஏப்ரல் 21 ஞாயிறு ஈஸ்டராகவும் ஆனது.

மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒருமுறை என்னிடம் கேட்டாள்: "கிறிஸ்துமஸ் எப்பவும் டிசம்பர் 25தானே டீச்சர்? ஈஸ்டருக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு வருஷமும் காலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கு? இயேசு உயிர்த்த தேதி யாருக்கும் தெரியாதா?" நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பொங்கலையும் தீபாவளியையும் நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். பொங்கல் ஜனவரி 14 அல்லது 15ஐ விட்டு நகராது, ஏனென்றால் அது சூரியனை வைத்து வருவது. தீபாவளி அக்டோபரிலும் வரும், நவம்பரிலும் வரும். அதற்கு ஐப்பசி மாதத்தில் தேய்பிறைச் சதுர்த்தசி வேண்டும். சூரியனோடு சந்திரனும் சேர்ந்தால் தேதி ஆடத் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் பொங்கலைப் போல, ஈஸ்டர் தீபாவளியைப் போல. ஈஸ்டருக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனையும் உண்டு: கிழமை.

விதி இதுதான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பிடியுங்கள். அதற்கு அடுத்து வரும் ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அன்று கொண்டாடாமல் அடுத்த ஞாயிற்றுக்குப் போக வேண்டும். இந்த விதிப்படி ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னாலும் வராது.

மற்ற நாட்களெல்லாம் ஈஸ்டரிலிருந்து எண்ணுபவை. ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் திருநீற்றுப் புதன் (சாம்பல் புதன் என்பதும் இதையே); தவக்காலம் என்னும் நோன்புக் காலம் தொடங்குவது அன்றுதான். தவக்காலம் 40 நாள்தானே, 46 எப்படி என்று கேட்பார்கள். இடையில் வரும் 6 ஞாயிறுகள் நோன்பு நாட்களில் சேராது. ஈஸ்டருக்கு 49 நாள் பின்னால் பெந்தெகொஸ்தே என்னும் தூய ஆவியார் பெருவிழா. ஆக ஈஸ்டர் ஒன்று நகர்ந்தால் ஆண்டில் மூன்று மாதத்துக்கும் மேலான வழிபாட்டுக் காலம் முழுவதும் கூடவே நகர்கிறது.

நிலா எங்கிருந்து வந்தது?

இயேசுவின் பாடுகளும் உயிர்ப்பும் நடந்தது யூதர்களின் பாஸ்கா விழாவை ஒட்டி. நான்கு நற்செய்திகளும் இதைச் சொல்கின்றன. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா, நிசான் மாதத்தின் 14ஆம் நாள் அந்தியில் ஆட்டுக்குட்டியை அடிப்பதில் தொடங்கியது என்பதை விவிலியத்தின் விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) நூலின் 12ஆம் அதிகாரத்தில் படிக்கலாம். யூதர்களின் மாதம் பிறை தெரிவதிலிருந்து பிறப்பது. அப்படியென்றால் 14ஆம் நாள் என்பது நிலா நிறையும் நாள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு இரவில் செபித்தபோது மேலே நிலா ஏறக்குறைய முழு வட்டமாக இருந்திருக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். சிலுவை மரணத்தின்போது நண்பகல் முதல் மூன்று மணி வரை இருள் சூழ்ந்ததாக நற்செய்தி சொல்கிறது. அது சூரிய கிரகணமாக இருக்கலாம் என்று இன்றும் சிலர் விளக்குவார்கள். சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே வரும். பாஸ்கா பௌர்ணமியில். 3ஆம் நூற்றாண்டிலேயே யூலியுஸ் ஆப்ரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கிரகண விளக்கத்தை மறுத்தார்.

நிசான் வசந்த காலத்து மாதம், வாற்கோதுமை கதிர் முற்றும் பருவம். 12 சந்திர மாதங்களைக் கூட்டினால் 354 நாள்தான் வரும். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அப்படியே விட்டுவிட்டால் பாஸ்கா மெல்ல மெல்லக் குளிர்காலத்துக்குள் போய்விடும். அதனால் யூத நாள்காட்டியில் 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதத்தை அதிகமாகச் சேர்க்கிறார்கள். ஆந்திர, கர்நாடகப் பஞ்சாங்கங்களில் வரும் அதிக மாசம் செய்வதும் இதே வேலையைத்தான்.

ஆக பாஸ்காவுக்கு வேண்டியது பருவமும் நிலாவும். கிறிஸ்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் வேண்டியிருந்தது: இயேசு உயிர்த்தது வாரத்தின் முதல் நாள், ஞாயிறு. சூரியன், நிலா, வாரம் ஆகிய மூன்றும் மூன்று விதமான சுற்று. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மீதி வராமல் இருக்காது. இந்த மூன்றில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கத் திருச்சபைக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ஈஸ்டர் நகர்கிறது. அந்தப் பிள்ளை நினைத்ததுபோல் நாள் தெரியாததால் வந்த வினை இல்லை இது.

நகர்வதைக் கண்ணால் பார்ப்போம்

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் அந்த முதல் பௌர்ணமிக்குப் பாஸ்காப் பௌர்ணமி என்று பெயர். திருச்சபைக் கணக்குப்படி 2024இல் அது மார்ச் 25. 2025இல் ஏப்ரல் 13. 2026இல் ஏப்ரல் 2. 2027இல் மார்ச் 22. 2028இல் ஏப்ரல் 10.

ஏப்ரல் 13இலிருந்து ஏப்ரல் 2, அங்கிருந்து மார்ச் 22: ஒவ்வோர் ஆண்டும் 11 நாள் பின்வாங்கி முன்னதாகவே வருகிறது. அடுத்த ஆண்டு இன்னும் 11 நாள் கழித்தால் மார்ச் 11. அது மார்ச் 21க்கு முன்னால் விழுந்துவிட்டதால் செல்லாது. அதற்கு அடுத்த பௌர்ணமிக்குத் தாவ வேண்டும். அப்படித் தாவியதுதான் ஏப்ரல் 10. இரண்டடி பின்னால், ஓர் எட்டு முன்னால். இந்தப் பௌர்ணமிகளுக்கு அடுத்த ஞாயிறுகளைப் பாருங்கள்: மார்ச் 31, ஏப்ரல் 20, ஏப்ரல் 5, மார்ச் 28, ஏப்ரல் 16. இவைதான் அந்த ஐந்து ஆண்டுகளின் ஈஸ்டர்.

19 ஆண்டு ஆனதும் நிலா ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்பிவிடும். 19 சூரிய ஆண்டுக்கும் 235 சந்திர மாதத்துக்கும் இடையே இரண்டு மணி நேர வித்தியாசம்தான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த மேட்டன் பெயரில் இது வழங்குகிறது. பாபிலோனியர்களுக்கும் தெரிந்த கணக்கு. வானத்தைப் பார்க்காமலேயே பௌர்ணமியைச் சொல்ல உதவியது இந்த 19தான்.

நீங்களே செய்து பார்க்கலாம். 2026ஐ 19ஆல் வகுத்தால் மீதி 12. 1900 முதல் 2199 வரை எந்த ஆண்டுக்கு மீதி 12 வந்தாலும் பாஸ்காப் பௌர்ணமி ஏப்ரல் 2தான். 2007க்கும் மீதி 12, 2045க்கும் மீதி 12. ஆனால் ஏப்ரல் 2 என்பது 2007இல் திங்கள், 2026இல் வியாழன், 2045இல் ஞாயிறு. ஆகவே ஈஸ்டர் முறையே ஏப்ரல் 8, ஏப்ரல் 5, ஏப்ரல் 9. நிலா ஒரே இடத்தில் நின்றாலும் கிழமை நகர்த்திவிடுகிறது.

ஒரே வீட்டில் நோன்பும் விருந்தும்

இந்த விதி ஒரே நாளில் எழுதி வந்ததல்ல. 2ஆம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் கிறிஸ்தவர்கள், எந்தக் கிழமையானாலும் சரி, நிசான் 14ஆம் நாளையே கடைப்பிடித்தார்கள். உரோமையில் ஞாயிறு. ஏறத்தாழ கி.பி. 155இல் ஸ்மிர்னா நகர ஆயர் முதியவர் போலிகார்ப் உரோமைக்குப் போய் ஆயர் அனிசேத்துசைச் சந்தித்தார். இருவருமே மற்றவர் பேச்சுக்கு இணங்கவில்லை. ஆனாலும் அனிசேத்துஸ் தம் சபையிலேயே நற்கருணை வழிபாட்டை நடத்தும்படி போலிகார்ப்புக்கு இடம் கொடுத்தார், சமாதானமாகவே பிரிந்தார்கள். இந்தக் கணக்கு வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நாள் ஒத்துவராவிட்டாலும் பந்தியைப் பிரித்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள். 35 ஆண்டுக்குப் பின் வந்த உரோமை ஆயர் விக்டர், ஒத்துவராத சபைகளை விலக்கிவைக்கவே முனைந்தார். லியோன் நகர ஆயர் இரேனியுஸ் அவரைத் தடுத்து எழுதியபோது நினைவூட்டியது இந்தச் சந்திப்பைத்தான்.

325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா பொதுச்சங்கம் (அந்த ஊர் இன்றைய துருக்கியில் உள்ள இஸ்னிக்) எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும், யூதர்களின் கணக்கை எதிர்பார்த்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தது. மார்ச் 21, பௌர்ணமி, ஞாயிறு என்ற விதியை அந்தச் சங்கமே வாசகமாக எழுதித் தந்ததாகப் பல இடங்களில் படிப்போம்; அது சரியல்ல. வானியலில் பேர்போன எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தில் வழங்கிய கணக்குதான் பின்னால் மெல்ல எல்லா இடத்துக்கும் பரவியது. அந்த நகரத்து ஆயர் ஆண்டுதோறும் ஈஸ்டர் தேதியை அறிவித்து மடல் எழுதுவார். ஆயர் அத்தனாசியுஸ் 367ஆம் ஆண்டுக்கு எழுதிய அப்படியொரு மடலில்தான், இன்று நாம் கையில் வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் முதன்முதலாக அதே பட்டியலாகக் காணக் கிடைக்கின்றன. தேதி சொல்ல எழுதிய கடிதம் என்னவெல்லாம் சுமந்து வந்திருக்கிறது!

இந்தக் கணக்கை 525இல் உரோமையில் அட்டவணையாக்கியவர் தியோனீசியுஸ் என்ற துறவி. கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டை எண்ணும் வழக்கத்தைத் தொடங்கியவரும் அவரே. நாம் 2025, 2026 என்று எழுதுவது ஓர் ஈஸ்டர் அட்டவணையிலிருந்து வந்த பழக்கம்.

அட்டவணை வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. இங்கிலாந்தின் வடபகுதியான நார்தம்பிரியாவை ஆண்ட ஓஸ்வி அரசர் அயர்லாந்துத் துறவிகளின் கணக்கில் வளர்ந்தவர். அவர் மனைவி ஈன்ஃப்ளெட் தெற்கே கென்ட்டிலிருந்து வந்தவர், உரோமைக் கணக்கு. அரசர் நோன்பை முடித்து ஈஸ்டர் விருந்தில் அமர்ந்திருக்க, அதே அரண்மனையில் அரசியும் அவருடைய ஆட்களும் இன்னும் நோன்பிருந்து, ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தைய குருத்தோலை ஞாயிறு கொண்டாடிக்கொண்டிருப்பார்களாம். பீட் என்ற துறவி எழுதிய வரலாறு இதைச் சொல்கிறது. ஒரே அடுப்படியில் ஒருபக்கம் கறி வேக, இன்னொருபக்கம் ஒருசந்தி இருப்பதை எண்ணிப் பாருங்கள். 664இல் விட்பியில் கூடிப் பேசினார்கள். உரோமைக் கணக்குக்காக வாதாடிய வில்ஃப்ரிட், உரோமைச் சபை தன் முதல் ஆயராகப் போற்றும் பேதுருவிடம்தான் விண்ணரசின் திறவுகோல் இருக்கிறது என்றார். அப்படியானால் அவரைப் பகைத்துக்கொள்ள மாட்டேன், நான் போகும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டுமே என்று சொல்லி அரசர் உரோமைப் பக்கம் சாய்ந்தார்.

பத்து நாளைத் தூக்கியது எதற்காக?

ஜூலியஸ் சீசரின் நாள்காட்டி ஆண்டுக்கு 365¼ நாள் என்று வைத்திருந்தது. உண்மையில் அதைவிட 11 நிமிடம் குறைவு. ஆண்டுக்கு 11 நிமிடம்தானே என்று விட்டால் 128 ஆண்டில் ஒரு நாள் ஏறிவிடும். பகலும் இரவும் சமமாகும் வசந்த நாள் 16ஆம் நூற்றாண்டில் மார்ச் 11க்கே வந்துவிட்டது. திருச்சபையோ மார்ச் 21ஐப் பிடித்துக்கொண்டு பௌர்ணமி தேடிக்கொண்டிருந்தது. அட்டவணை சொன்ன நிலாவும் வானத்து நிலாவை விட்டுச் சில நாள் விலகிப்போயிருந்தது.

மருத்துவர் லிலியுஸ் வகுத்த திட்டத்தை, இயேசு சபைத் துறவியான கணிதர் கிளாவியுஸ் உள்ளிட்ட குழு ஆராய்ந்து சீர்செய்ய, 1582இல் திருத்தந்தை 13ஆம் கிரகோரி ஆணை பிறப்பித்தார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இன்று உலகமே பயன்படுத்தும் நாள்காட்டி அப்படி வந்தது. வங்கியிலும் பள்ளியிலும் ரயில் நிலையத்திலும் தொங்கும் காலண்டர், அடிப்படையில் ஈஸ்டரைச் சரியான பருவத்தில் வைப்பதற்காகச் செய்த திருத்தம்.

கிழக்கு மரபுவழிச் (ஆர்த்தடாக்ஸ்) சபைகள் பெரும்பாலானவை ஈஸ்டருக்குப் பழைய கணக்கையே வைத்திருக்கின்றன. பழைய நாள்காட்டியின் மார்ச் 21, நம் காலண்டரில் ஏப்ரல் 3. கிரேக்கம், ரஷ்யா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளில் ஈஸ்டர் பெரும்பாலும் தள்ளி வருவது இதனால்தான். 2024இல் நமக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5. 2025இல் இருவருக்குமே ஏப்ரல் 20. 2026இல் ஒரு வார வித்தியாசம், ஏப்ரல் 5உம் 12உம். யூதப் பாஸ்காவோடும் இப்போது நம் கணக்கு எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2024இல் ஈஸ்டர் முடிந்து மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 22 மாலைதான் பாஸ்கா தொடங்கியது.

எல்லாருக்கும் ஒரே நாளாக்க முயற்சி இல்லாமல் இல்லை. ஏப்ரல் இரண்டாம் சனிக்கு அடுத்த ஞாயிறு என்று பிரிட்டன் 1928இல் சட்டமே இயற்றியது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. மற்றச் சபைகள் இணங்கினால் நிலையான ஒரு ஞாயிற்றுக்கு மறுப்பில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சொன்னது. 1997இல் சிரியாவின் அலெப்போவில் கூடிய சபைகளின் ஆலோசனைக் கூட்டம் வேறொரு வழி காட்டியது: விதி அப்படியே இருக்கட்டும், பழைய அட்டவணைகளை விட்டுவிட்டு எருசலேமின் வானத்தைக் கொண்டு பௌர்ணமியையும் சம இரவு நாளையும் கணிப்போம். எனக்கு இந்த யோசனைதான் பிடித்திருக்கிறது. நிலையான தேதி வசதிதான், ஆனால் அதில் நிலா போய்விடுகிறது. பெரிய வியாழன் இரவு ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வருபவர்கள் அண்ணாந்து பார்க்கும் அந்த நிலா, முதல் பெரிய வியாழன் இரவுக்கும் நமக்கும் பொதுவாக மிஞ்சியிருக்கும் ஒன்று.

காகிதத்து நிலா

கவனமாகப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். அலெப்போவில் ஏன் "வானத்தைக் கொண்டு" என்று வலியுறுத்தினார்கள்? திருச்சபை வானத்தைப் பார்ப்பதில்லையா?

பார்ப்பதில்லை. அது எண்ணுவது அட்டவணையில் உள்ள நிலாவை. வானத்து நிலா ஓர் ஊரில் இரவிலும் இன்னோர் ஊரில் பகலிலும் நிறையும். அதை நம்பினால் தேதி ஊருக்கு ஊர் மாறலாம். அட்டவணை நிலா எல்லா ஊருக்கும் ஒன்று. அதேபோல் சம இரவு நாளும் மார்ச் 20இல் வந்தாலும் கணக்குக்கு மார்ச் 21தான். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டுக்கும் பெரிய பேதம் தெரியாது. தெரிந்த ஆண்டு 2019.

அந்த ஆண்டு சம இரவு, இந்திய நேரப்படி மார்ச் 21 அதிகாலை மூன்றரைக்கு. அதே நாள் காலை ஏழேகாலுக்குள் பௌர்ணமி. முருகன் கோயில்களில் பங்குனி உத்திரம். வானத்தை நம்பியிருந்தால் அடுத்த ஞாயிறு, மார்ச் 24 ஈஸ்டராகியிருக்கும். ஆனால் அட்டவணையில் அந்தப் பௌர்ணமி மார்ச் 20 என்று இருந்தது, ஒரே ஒரு நாள் முன்னால். மார்ச் 21க்கு முந்தியது செல்லாது அல்லவா? கணக்கு அடுத்த பௌர்ணமிக்குப் போனது, அட்டவணைப்படி ஏப்ரல் 18. வானத்தில் அது நிறைந்தது 19ஆம் தேதி மாலை. தேரோட்டமும் பெரிய வியாழனும் வாக்குப்பதிவும் ஒன்றாக வந்தது இப்படித்தான். ஈஸ்டர் ஏப்ரல் 21க்குப் போனது, குண்டுவெடிப்புகளால் இலங்கையில் துயர நாளாகிப்போன அதே ஞாயிறு.

2019ஐ 19ஆல் வகுத்தால் மீதி 5. அதோடு 19ஐக் கூட்டுங்கள்: 2038. அந்த ஆண்டும் அட்டவணையில் பாஸ்காப் பௌர்ணமி ஏப்ரல் 18தான், வானத்திலும் ஏப்ரல் 19தான். மறுபடியும் சித்திரை நிலா. ஆனால் 2038இல் ஏப்ரல் 18 ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி ஞாயிற்றில் விழுந்தால் அடுத்த ஞாயிறு என்ற விதி இருக்கிறதே, அதனால் ஈஸ்டர் ஏப்ரல் 25க்குப் போகிறது. அதற்குமேல் தள்ளிப்போக இடமே இல்லாத கடைசித் தேதி; இதற்கு முன் அப்படி வந்தது 1943இல். 2038இல் பெரிய வியாழன் ஏப்ரல் 22. அதற்குள் சித்திரைப் பௌர்ணமி கடந்து, நிலா தேயத் தொடங்கியிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய சனி இரவுத் திருவிழிப்பு வழிபாட்டில், பாஸ்காத் திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியில் குருவானவர் 2, 0, 3, 8 என்று ஆண்டைக் கீறும்போது வெளியே முழுநிலா இருக்காது. தேய்ந்த நிலா இரவு வெகுநேரம் கழித்துத்தான் மேலே வரும்.